பேரேட்டில் ஏறாத கடன்: விழுப்புரத்திலிருந்து ஒரு தள்ளுபடி வரலாறு

2021ஆம் ஆண்டின் கடைசி. ஐந்து சவரன் வரை நகை அடகு வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்திருந்தது. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் காலனிக்கு அருகிலுள்ள ஒரு சங்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, சின்னம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தேன். அவர் பெயர் இல்லை.

உள்ளே போய்க் கேட்டோம். "நீங்க இங்க நகை வைக்கவே இல்லியேம்மா" என்றார்கள். உண்மைதான். சின்னம்மாவின் தோடும் கால் சவரன் மோதிரமும் கடைத்தெருவில் ஒரு அடகுக் கடையில் இருந்தன. திரும்பி நடக்கும்போது சின்னம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இங்க வைக்கறதுக்கு என்னிக்குடா நம்மள உள்ள சேத்துக்கினாங்க?"

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி. கடன் தள்ளுபடி என்றாலே நாம் இரண்டில் ஒரு பக்கம் நின்றுவிடுகிறோம். ஆளுங்கட்சி தொகையைச் சொல்லித் தன்னை நியாயப்படுத்தும். எதிர்க்கட்சி "போதாது" என்னும். நாமும் அந்தத் தொகையைப் பற்றியே பேசிவிட்டுக் கலைகிறோம். ஆனால் நூறாண்டுக்கு மேலான வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தொகைக்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: யாருடைய கடன், கடன் என்று எழுதப்பட்டது?

இருவேல்பட்டிலிருந்து தொடங்குவோம்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது செய்திகளில் அடிபட்ட ஊர் இருவேல்பட்டு. விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் நெடுஞ்சாலையையொட்டி இருக்கிறது. இந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னார். 1918இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வில் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்காக இடம்பெற்ற ஊர் இதுதான். பிறகு 1930களிலும் 1980களின் தொடக்கத்திலும் 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போயிருக்கிறார்கள். ஒரே ஊரை ஏறக்குறைய நூறாண்டு தொடர்ந்து பார்த்த பதிவு இந்தியாவில் அதிகம் கிடையாது.

ஸ்லேட்டரின் நூல் படியாள்களைப் பற்றி என்ன சொல்கிறது? படியாள் என்பவர் கடனால் நிலவுடைமையாளரிடம் பரம்பரையாகக் கட்டுண்டவர். பெரும்பாலும் கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடன். அது ஒருபோதும் அடைபடுவதில்லை, தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. கடன் கொடுத்தவர் நிலத்தை விற்றாலோ இறந்தாலோ, நிலத்தோடு சேர்ந்து படியாளும் கைமாறுகிறார். அந்தப் படியாள்கள் சேரி மக்கள் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது எந்த ஆண்டு என்று கவனியுங்கள். இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 1843இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மனிதர்கள் நிலத்தோடு கைமாறிக்கொண்டிருந்தார்கள். மாறியிருந்தது பெயர் மட்டும். அடிமை என்ற சொல்லின் இடத்தில் கடன் வந்து உட்கார்ந்துகொண்டது. அரசும் இதற்குத் துணை நின்றது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைக் குற்றவாளியாக நடத்த 1859இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது 1920களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது. ஊர்க்காரர் வாங்கிய கடன் உரிமையியல் வழக்கு. கூலிக்காரர் வாங்கிய முன்பணம் குற்றவியல் வழக்கு.

ஆக, நம் மக்களின் கடன் தொடக்கத்திலிருந்தே வேறு வகையைச் சேர்ந்தது. மற்றவர்கள் நிலத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கினார்கள். நம் முன்னோர் தங்கள் உழைப்பையும் பிள்ளைகளின் உழைப்பையும் ஈடு வைத்தார்கள். முதல் வகைக்குப் பத்திரமும் பதிவும் உண்டு. இரண்டாவதற்கு ஆண்டையின் வாய்க் கணக்குதான்.

வந்த நிலம் போன வழி

"நிலம் இருந்தால்தானே ஈடு வைக்க முடியும்?" என்று கேட்கலாம். நிலம் வந்தது. செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்கீர், பறையர்களின் நிலைமை குறித்து 1891இல் எழுதிய அறிக்கையை நீங்கள் அறிவீர்கள். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான 1010, 1010ஏ அரசாணைகள் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாநிலம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

அந்த நிலத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, தானம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அந்த மாற்றம் செல்லாது. நல்ல நிபந்தனைதான். ஆனால் நிலத்தைக் கொடுத்த அரசு உழவு மாட்டுக்கும் விதைக்கும் கிணற்றுக்கும் என்ன வழி செய்தது? முதல் வறட்சியில், முதல் சாவில், முதல் கல்யாணத்தில் பணம் தேவைப்பட்டபோது, கொடுக்கக்கூடியவர் பழைய ஆண்டைதான். வெற்றுத்தாளில் கைநாட்டு, வாய்மொழிப் போக்கியம், "பணம் வந்ததும் மீட்டுக்கோ" என்ற பேச்சு. நிலம் கைமாறியது. பத்திரத்தில் செல்லாத அடமானம் வயலில் செல்லுபடியானது. செல்லாது என்று அறிவித்து மீட்டுத் தர வேண்டிய வருவாய்த் துறை பல இடங்களில் புது அனுபவதாரருக்கே பட்டா மாற்றிக் கொடுத்தது.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நில மீட்பு இயக்கத்தின் நாளாக அதை நினைவுகூர்கிறோம். அதைக் கடன் வரலாற்றின் நாளாகவும் நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பறிபோன பஞ்சமி நிலத்தில் ஒரு பகுதி வலுக்கட்டாயத்தால் போனது. இன்னொரு பகுதி கைமாற்றுக் கடனால் போனது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. 1920 முதல் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் ஆணையர் அலுவலகம், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. எப்படி? அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து, மனையின் விலையை அவர்கள் பெயரில் கடனாக எழுதி, ஆண்டுக்கணக்கான தவணைகளில் வசூலித்தது. தலைமுறைகளாகக் குடியிருந்த குடிசையின் அடிமண்ணுக்கே தவணை கட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அரசின் கடன் பேரேட்டில் சேரி மக்கள் பரவலாக இடம்பெற்ற முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

1938: "விவசாயி" யார்?

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. கடன் மட்டும் அப்படியே நின்று வட்டி போட்டது. 1937இல் ஆட்சிக்கு வந்த ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை, 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் சேர்த்து ரத்து. கடன் கொடுத்தவர்கள் கொதித்தார்கள். சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனார்கள். 1940இல் தீர்ப்பு சட்டத்துக்குச் சாதகமாக வந்தது.

இங்கே சட்டப் படிப்பு மாணவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தின் உயிர் அதன் வரையறைப் பிரிவில் இருக்கிறது. "விவசாயி" என்றால் யார்? விளைநிலத்தில் விற்கத்தக்க உரிமை உடையவர். அல்லது ஜமீன் நிலத்தில் சட்டப்படியான குடியானவர். மலபாரில் அதற்கு இணையான உரிமைகள் உடையவர். நாள் முழுக்கச் சேற்றில் நின்று நடவு நட்டு, களை பறித்து, அறுத்து, போரடித்த படியாள் இந்தச் சட்டத்தின்படி விவசாயி இல்லை. அவர் தலையில் இருந்த கல்யாணக் கடன், ரத்தான கடன்களில் சேரவில்லை.

அடமானத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. வட்டி விகிதம் எழுதாமல், நிலத்தையே அனுபவத்துக்கு ஒப்படைத்துவிடும் போக்கியம் அந்தச் சட்டத்தின் வட்டிக் குறைப்புக்கு வெளியே விடப்பட்டது. 1948 திருத்தத்தில்தான் அதற்கு வழி பிறந்தது. ஏழையின் அடமானம் பெரும்பாலும் இந்த வகைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதை ராஜாஜியின் தனிப்பட்ட சூழ்ச்சி என்று சுருக்கிவிடக் கூடாது. சட்டம் இயற்றியவர்களின் கண்ணுக்குக் கடன்பட்டவர் என்றால் நிலம் வைத்திருப்பவர்தான். நிலமில்லாதவர் கூலி வாங்குபவர். அவருக்கு ஏது கடன்? இந்தப் பார்வை ஒரு கட்சியோடு முடியவில்லை. பின்னால் வந்த எல்லாக் கட்சிகளின் ஆட்சியிலும் அது அரசாணை மொழியாகத் தொடர்ந்தது.

1975–76: ஒரு கதவு திறந்தது

நெருக்கடி நிலையின் காலம் நமக்குப் பல விதங்களில் இருண்ட காலம். ஆனாலும் வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1975 ஜூலையில் அறிவிக்கப்பட்ட இருபது அம்சத் திட்டத்தில், நிலமற்ற தொழிலாளர், சிறு விவசாயிகள், கைவினைஞர்கள் ஆகியோரின் கடன் வசூலை நிறுத்திவைப்பதும் கொத்தடிமை ஒழிப்பும் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டம் வந்தது. 1976இல் அது நிரந்தரச் சட்டமானது. தமிழ்நாட்டிலும் 1976இலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவைப் படியுங்கள். கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு முற்றாக அழிந்துபோகிறது. அந்தக் கடனுக்காகப் பிடித்துவைத்த சொத்தைத் திருப்பித் தர வேண்டும். வேலையின் பேரில் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று எட்டாவது பிரிவு சொல்கிறது. 1918இல் இருவேல்பட்டைப் பற்றி எழுதப்பட்ட அந்தக் கடன், சட்டத்தின் ஏட்டில் கடன் என்று முதல்முறையாக ஏறியது. ஏறிய அதே வரியில் அழிக்கவும் பட்டது. இதற்கு எந்தப் பட்டாவும் சிட்டாவும் கேட்கப்படவில்லை. நிலமற்றவரை நிலமற்றவராகவே அரசு அடையாளம் கண்ட அரிய தருணம் இது.

மற்ற மாநிலங்களின் கடன் நிவாரணச் சட்டங்களையும் கடன் கொடுப்பவர்கள் எதிர்த்தார்கள். மகாராஷ்டிரத்தின் சட்டத்தை 1977இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஏழையின் கடனை அரசு ரத்து செய்யலாம் என்பதில் சட்டச் சிக்கல் இல்லை என்று தெளிவானது. ஆனால் இந்தச் சட்டங்களிலும் ஒரு பொதுக்கூறு இருந்தது. அரசுக்கும் வங்கிக்கும் கூட்டுறவுக்கும் கட்ட வேண்டிய கடன்கள் அவற்றின் வரம்புக்கு வெளியே. ரத்தானது தனியார் கடன் மட்டும்.

அதன் பிறகு நடந்தது என்ன? அந்தச் சட்டங்கள் தணிந்தன. தள்ளுபடி என்ற சொல்லின் பொருளே தலைகீழானது.

தள்ளுபடி வங்கிக்கு மாறிய கதை

1969இல் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு கிராமப்புறக் கடனில் அரசு வங்கிகளின் பங்கு வளர்ந்தது. வங்கிக் கடன் வளர்ந்ததும் தள்ளுபடியும் அங்கே குடிபெயர்ந்தது. 1990இல் வி.பி. சிங் அரசு 10,000 ரூபாய் வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2006இல் கலைஞர் ஆட்சி சுமார் 7,000 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2008இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் மதிப்பீடு 71,680 கோடி ரூபாய். 2016 மே 23 அன்று பதவியேற்ற ஜெயலலிதா, சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தார். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், எடப்பாடி பழனிசாமி 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார், பயன்பெறுவோர் 16.43 லட்சம் விவசாயிகள் என்றார்.

ஒவ்வொரு முறையும் கேள்வி எழுந்தது. ஒவ்வொரு முறையும் அரசு தன்னை நியாயப்படுத்தியது. அந்த நியாயங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

2008 திட்டத்தைத் தணிக்கை செய்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2013 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆய்வு செய்த 90,576 கணக்குகளில் 20,216 கணக்குகளில், அதாவது 22 சதவீதத்துக்கு மேல், குறைபாடு. தகுதி இருந்தும் விடுபட்டவர்களைக் கண்டறிய ஒன்பது மாநிலங்களில் தனியாகப் பார்த்த 9,334 கணக்குகளில் 1,257 பேர் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. தவறு செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்பதுதான் அரசின் பதில். அந்தத் திட்டத்தின் விதியில் குத்தகைதாரரும் விவசாயிதான். கறவை மாட்டுக்கு வாங்கிய சிறு கடனும் அதில் அடங்கும். ஆனாலும் இந்தத் தணிக்கை முழுவதும் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்குள் நடந்த தணிக்கை. வங்கி கடனே கொடுக்காதவரை எந்தத் தணிக்கையும் கண்டுபிடிக்காது.

2016 தள்ளுபடி இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஏன் என்று அய்யாக்கண்ணு தலைமையிலான விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2017 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, எல்லா விவசாயிகளுக்கும் தள்ளுபடியை விரிவுபடுத்தச் சொன்னது. தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றம் போனது. அரசின் வாதம் இதுதான்: சுமார் 16.94 லட்சம் சிறு, குறு விவசாயிகளுக்காக 5,780 கோடி ரூபாய்ச் சுமையை ஏற்றிருக்கிறோம். மற்ற மூன்று லட்சம் பேரையும் சேர்த்தால் மேலும் 1,980 கோடி ஆகும். நலிந்தவருக்கு முன்னுரிமை தருவது நியாயமே. 2021 நவம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. சிறிய நிலம் உடையவரையே கடன் அதிகம் நசுக்குகிறது, ஆகவே அவர்களைத் தனி வகையாகப் பிரித்தது சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்றது.

அந்தத் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கு மன்றத்தை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். ஒருபுறம் ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர். மறுபுறம் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவரின் பெயரால் அரசு. நாலரை ஆண்டு அவர்கள் வாதாடினார்கள். பூஜ்யம் ஏக்கர் உள்ளவர் அந்த மன்றத்தில் இல்லை. நலிந்தவருக்கு முன்னுரிமை என்ற அரசின் நியாயத்தை அதன் முடிவு வரை நடத்திச் சென்றால் அது யார் வாசலில் போய் நிற்கும்? காலனி வாசலில்தான். ஆனால் அந்த நியாயம் ஒரு சென்ட் நிலத்தோடு நின்றுவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். மாநிலச் சராசரி 20 சதவீதம். கூலிக்குப் போகும் இத்தனை பேர் உள்ள மாவட்டத்தில், நிலத்தை அளந்து கொடுக்கும் நிவாரணம் யாரைத் தாண்டிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெள்ளத்திலும் இதே அளவுகோல்தான். ஃபெஞ்சல் புயலில் மயிலமும் திண்டிவனமும் விழுப்புரமும் மூழ்கின. நெற்பயிர் சேதத்துக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்றது அரசு. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. அது நம் வீடுகளுக்கும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வயல் மூழ்கியதால் அறுவடைக் கூலி போன பெண்ணின் இழப்புக்கு எந்த எக்டேரில் கணக்குப் போடுவது? அந்த வார தவணையை எந்தக் கூலியில் கட்டுவது?

ஒரே சொல், இரண்டு பொருள்

இன்னொரு நியாயத்தையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மேடைகளில் நாம் இதில் சறுக்குகிறோம். 2014–15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. "கார்ப்பரேட்டுக்குத் தள்ளுபடி, ஏழைக்குக் கெடுபிடி" என்று நாம் முழங்குகிறோம். அரசு என்ன சொல்கிறது? இது தள்ளுபடி அல்ல, கணக்கியல் நடைமுறைதான், கடனாளியின் பொறுப்பு தொடர்கிறது, வசூல் நடவடிக்கையும் தொடர்கிறது.

சொல்லளவில் அரசு சொல்வது சரி. இந்த வேறுபாட்டை அறியாமல் பேசினால் எதிராளி ஒரு வரியில் நம்மை மடக்கிவிடுவார். ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு. பெரிய கடனாளி கட்டாதபோது அவருக்காக ஒரு சொல் இருக்கிறது, ஒரு நடைமுறை இருக்கிறது, ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. பேசி முடிக்கக் கால அவகாசம் இருக்கிறது. அவர் வீட்டுத் திண்ணையில் யாரும் போய் உட்காருவதில்லை. குழுக்கடன் வாங்கிய பெண் ஒரு வாரம் கட்டாதபோது அவளுக்காக என்ன நடைமுறை இருக்கிறது?

இன்றைய படிக்கணக்கு

இருவேல்பட்டுக்கு 2008இல் போன ஆய்வாளர்கள் பழைய படியாள் உறவு மறைந்திருப்பதைக் கண்டார்கள். ஆண்டையை நம்பி வாழ வேண்டிய கட்டாயம் தளர்ந்திருந்தது. இது சிறிய வெற்றி அல்ல. நம் மக்களின் வெளியூர் உழைப்பும் போராட்டமும் கொண்டுவந்த மாற்றம்.

ஆனால் கடன் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்கள் மேஸ்திரியிடம் வாங்கும் முன்பணம் பழைய கல்யாணக் கடனின் தங்கை. வீட்டில் இருக்கும் பெண்களுக்கோ நுண்கடன் நிறுவனங்கள். பத்துப் பேர் குழு, ஆளுக்கு ஆள் ஜாமீன், வாரத் தவணை. நிலம் ஈடு கேட்பதில்லை, நகை ஈடு கேட்பதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே மற்றவர்களே வசூல்காரர்கள் ஆகிறார்கள். ஈடாக வைக்கப்படுவது தெருவில் அவளுக்கு இருக்கும் மரியாதை. அது ஏலம் போவதை நம் காலனிகளில் மாலை நேரங்களில் பார்த்திருப்பீர்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்து மடிந்ததைத் தமிழ்நாடு பார்த்தது. 2025இல், கட்டாய வசூலைத் தண்டிக்கத் தனிச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. இவற்றை அச்சடித்து உங்கள் தெருவில் ஒட்டுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன 2021க்கே திரும்பி வருகிறேன். கூட்டுறவு நகைக்கடன் வாங்கிய 48,84,726 பேரில் 35,37,693 பேர் தகுதியற்றவர்கள் என்று அரசு கணக்குச் சொன்னது. ஐந்து சவரனைத் தாண்டியவர்கள், முன்பே பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றவர்கள், அரசு ஊழியர் குடும்பங்கள் என்று காரணங்களை அடுக்கியது. முறைகேடுகளும் வெளிவந்தன, அவற்றை வடிகட்டியது தவறில்லை. அதே ஆட்சி, கூட்டுறவில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாங்கிய சுமார் 2,756 கோடி ரூபாயையும் தள்ளுபடி செய்தது. நிலம் கேட்காமல் கொடுத்த தள்ளுபடி அது. 1976க்குப் பிறகு நிலமற்ற பெண்ணின் கடனை அரசு கடன் என்று ஏற்றுக்கொண்ட தருணங்களில் அதையும் சேர்ப்பேன். ஆனால் கூட்டுறவின் கதவுக்குள் இருந்தவர்களுக்குத்தான் அதுவும். சின்னம்மா அடகுக் கடையில் இருந்தார்.

நாம் கேட்க வேண்டியது

இந்த வரலாறு ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 1938இல் தனியார் கடன் ரத்தானது, ஆனால் நிலம் உள்ளவருக்கு. 1990 முதல் வங்கிக் கடன் ரத்தானது, ஆனால் வங்கிக்குள் இருந்தவருக்கு. தொகை ஆயிரம் கோடியாக ஏறியபோதும் நாம் வெளியேதான் நின்றோம். நாம் உள்ளே போன தருணங்கள், வரையறை மாறிய தருணங்கள்: 1976இன் ஆறாவது பிரிவு, 2021இன் மகளிர் குழு. ஆகவே "இன்னும் அதிகம் தள்ளுபடி செய்" என்பது நம் முழக்கமாக இருக்க முடியாது. "யாரைக் கடனாளி என்று எழுதுகிறாய், காட்டு" என்பதே நம் முழக்கம்.

அதற்கு முதல் வேலை நம்முடையது. அரசிடம் இல்லாத கணக்கை நாம் எடுக்க வேண்டும். உங்கள் காலனியில் வீடு வீடாகப் போங்கள். எந்தக் கடன், யாரிடம், எதற்காக, ஈடு என்ன, இதுவரை கட்டியது எவ்வளவு என்று எழுதுங்கள். பெயரை ரகசியமாக வையுங்கள், எண்ணை வெளியே கொண்டுவாருங்கள். மேஸ்திரி முன்பணத்துக்காக ஒரு குடும்பம் சூளையை விட்டு வெளியேற முடியாமல் இருந்தால், அது கடன் அல்ல, கொத்தடிமை; கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்று கேளுங்கள். பறிபோன பஞ்சமி நிலம் இருந்தால், அது எந்தக் கடனுக்காகப் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் இந்தக் கணக்கைத் தொடங்கினோம். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், ஒரு நாற்பது பக்க நோட்டு. முதலில் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். கடைசியில் கூட்டிச் சொன்னதும், "இவ்ளோவா கட்டிட்டேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம்பேர முதல்ல போட்டியா?" என்று கேட்டார். போட்டிருந்தோம்.

ஜெய்பீம்.